வகுப்பைத் தள்ளித் திறங்கள், பள்ளிக்கூடக் கேட்டை இப்போதே திறங்கள்

மதிப்பிற்குரிய பள்ளிக் கல்வித் துறை, சமூக நலத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். இரண்டு துறைக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தின் கேட் ஒரு துறையின் பொறுப்பு. அந்தக் கேட்டுக்குள் இருக்கிற சத்துணவு அடுப்பு இன்னொரு துறையின் பொறுப்பு. நான் பேச வந்தது இரண்டையும் பற்றி.

மே மாதம் கடைசிக்கு வந்துவிட்டால் திருப்பூரில் எங்கள் காம்பவுண்டில் வேறு பேச்சு கிடையாது. "ஏனுங்க, பள்ளிக்கூடம் சொன்ன தேதிக்குத் தொறக்கறாங்களாமா?" என்று வீட்டுக்கார அம்மா கேட்பார். கம்பெனியில் செக்கிங் டேபிளில் அதே கேள்வி. ஆண்டிபட்டிப் பக்கத்திலிருந்து என் அம்மா போன் போட்டு, "தள்ளிப் போகுதுன்னு டிவியில சொல்றாகளே, பிள்ளைகள இப்பக் கூட்டிட்டுப் போகாட்டி என்ன?" என்பார். வாட்ஸ்அப்பில் போன வருடத்து அறிவிப்பை எவரோ தேதியை மட்டும் மாற்றிச் சுற்றவிட்டிருப்பார்கள். நம்புவதா வேண்டாமா என்று தெரியாமல் பஸ் டிக்கெட் போடுவோம்.

வதந்தியை மக்கள் நம்புவது சும்மா இல்லை. 2023இல் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஜூன் 1, சின்ன வகுப்புகளுக்கு ஜூன் 5 என்றீர்கள். பிறகு எல்லோருக்கும் ஜூன் 7 என்றீர்கள். ஏழாம் தேதி நெருங்கும்போது அதுவும் மாறி, பெரிய வகுப்புகளுக்கு 12, சின்ன வகுப்புகளுக்கு 14 ஆனது. 2024இல் ஜூன் 6 என்று சொல்லி ஜூன் 10க்குப் போனது. 2025இல் ஜூன் 2 என்றீர்கள், அன்றே திறந்தீர்கள். அதற்கு நன்றி சொல்ல வேண்டும், சொல்கிறேன். ஆனாலும் 2023ஐப் பார்த்த வீடுகளில் தேதி என்றால் பென்சிலால் எழுதுகிற விஷயம்தான்.

வெயில் கொளுத்தும்போது திறப்பைத் தள்ளிப் போடுவதில் எனக்கு மறுப்பு இல்லை. மத்தியான வெயிலில் பிள்ளை மயங்கி விழக் கூடாது என்கிற அக்கறை நல்ல அக்கறை. தள்ளிப் போட்ட அந்த ஒரு வாரம் பிள்ளை எங்கே இருக்கும் என்று எந்த அறிவிப்பிலும் ஒரு வரி கிடையாது. அதைத்தான் கேட்கிறேன். வீட்டில் இருக்கும் என்பீர்கள். எந்த வீட்டில்?

எங்கள் வீட்டைச் சொல்கிறேன். திருப்பூரில் லைன் வீடு என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு வரிசையாக நிற்கும் ஒற்றை அறைகள், முன்னால் ஒரு சமையல் மேடை, மேலே சிமெண்ட் ஷீட், எல்லோருக்கும் பொதுவாகக் கடைசியில் குளியலறையும் கக்கூஸும். குடியிருப்பவர்களில் பாதிப் பேர் தேனி, மதுரை, திண்டுக்கல், இராமநாதபுரம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆணும் பெண்ணும் கம்பெனிக்குப் போனால்தான் வாடகையும் சீட்டுப் பணமும் போக மிச்சம் நிற்கும். நான் ஒரு பின்னலாடைக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வீட்டுக்காரர் கட்டிங் மாஸ்டர். பெண் எட்டாவது போகிறாள், பையன் மூன்றாவது. இருவரும் அரசுப் பள்ளி.

பகல் ஒரு மணிக்கு மேல் அந்த ஷீட்டுக்குக் கீழே இருந்து பார்த்தால்தான் தெரியும். வெளியே நிழலில் நின்றால் தாங்கலாம், உள்ளே தாங்காது. ஃபேன் போட்டால் அடுப்புப் பக்கத்துக் காற்றை அள்ளி முகத்தில் கொட்டும். ஷீட்டின் மேல் சுண்ணாம்பு அடித்துப் பார்த்தோம், ஈரச் சாக்கு விரித்தோம், தென்னங்கீற்று போட்டோம். எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கேட்கும். சின்னவன் கண்டுபிடித்த வழி வேறு: துண்டை நனைத்து நாற்காலியில் தொங்கவிட்டு அதற்குப் பின்னால் டேபிள் ஃபேனை வைப்பது. பெரியவள் ஒரு செம்புத் தண்ணீரைத் தரையில் தெளித்து அதன் மேல் படுப்பாள். நான் இருந்தால் திட்டுவேன், ஏனென்றால் குழாயில் தண்ணீர் நாள் விட்டு நாள்கூட வருவதில்லை. சாயங்காலம் வந்து பார்க்கும்போது இரண்டு பேர் முதுகிலும் வேர்க்குரு செக்கச்செவேல் என்றிருக்கும். பொழுது சாய்ந்த பிறகும் ஷீட் உடனே ஆறாது. பகலில் குடித்த வெயிலை ராத்திரி பத்து மணி வரைக்கும் எங்கள் மேல் இறக்கும்.

அதே தெருவின் முனையில் பள்ளிக்கூடம் இருக்கிறது. கான்கிரீட் கூரை, உயரமான வகுப்பறை, நான்கு பக்கமும் ஜன்னல், நீளத் தாழ்வாரம், முன்னால் இரண்டு வேப்பமரமும் ஒரு புங்கமரமும். புங்கமர நிழலைப் பற்றி எங்கள் பக்கத்துக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டி, குழாய் வரிசை, கழிவறை எல்லாம் உண்டு. ஏப்ரல் கடைசியில் கேட்டில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டுப் போனால் ஜூன் வரைக்கும் பூட்டுதான். வெயிலிலிருந்து பிள்ளைகளைக் காப்பதற்காக, தெருவிலேயே குளுமையான கட்டடத்தைப் பூட்டிவிட்டு, தெருவிலேயே சூடான அறைகளுக்குள் பிள்ளைகளை அனுப்பியிருக்கிறோம். நான் குதர்க்கமாகப் பேசவில்லை. எங்கள் தெருவில் நடப்பது இதுதான்.

2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அரசு அறிவித்தது. நல்ல முடிவு. பேரிடர் என்றால் என்ன செய்வது வழக்கம்? புயலென்றும் வெள்ளமென்றும் வந்தால் முதலில் பள்ளிக்கூடத்தைத்தான் திறப்பீர்கள். பாய் விரிப்பீர்கள், பெரிய பாத்திரத்தில் சாம்பார் சாதம் கிண்டுவீர்கள், தண்ணீர் கேன் வைப்பீர்கள். கடலூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் இது பழகிப்போன ஏற்பாடு. தண்ணீரால் வரும் பேரிடருக்கு முகாமாகத் திறக்கிற அதே கட்டடம், வெயிலால் வரும் பேரிடருக்கு ஏன் மூடிக் கிடக்கிறது?

விடுமுறையின் முதல் மாதம் இப்படி இருக்காது. ஊருக்குப் போவார்கள். அம்மாச்சி வீட்டில் வாசலும் வேம்பும் ஆட்டுக்குட்டியும் மாமன் பிள்ளைகளும் இருப்பதால் பொழுது போவது தெரியாது. நுங்கு சீவித் தருவார்கள், வத்தல் காயப் போட்டால் காக்கை விரட்டுகிற சாக்கில் பாதியைப் பச்சையாகவே தின்று தீர்ப்பார்கள். மாரியம்மன் திருவிழா சாட்டி முடியும் வரைக்கும் வீட்டு நினைப்பே வராது. பள்ளி திறக்கிறது என்று கூட்டி வந்த பிறகு வருகிற கடைசி நாட்கள்தான் வில்லங்கம். மாம்பழமும் விலை ஏறிவிடும், கையிலிருந்த காசும் தீர்ந்திருக்கும், விளையாட்டெல்லாம் சலித்திருக்கும். கட்டிங் வேஸ்ட் துணியைச் சுருட்டி நூல் சுற்றிப் பந்து செய்வார்கள். இந்தத் திருப்பூர்ப் பந்து நன்றாகவே எகிறும். அது பக்கத்து வீட்டு ஷீட்டில் விழுந்து சத்தம் போட்டால் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவர் எழுந்து வருவார். அதோடு பந்து போயிற்று. தாயக்கட்டையில் ஆரம்பித்த ஆட்டம் அடிதடியில் முடியும். சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் வழக்கு வரும்: "அம்மா, அவன் என் மேல மூச்சு விடுறான்." இதற்கு எந்த நீதிபதியால் தீர்ப்புச் சொல்ல முடியும்?

பிள்ளைகளை செல்போன் கெடுத்துவிட்டது என்று மேடைக்கு மேடை பேசுகிறவர்கள் உண்டு. பழைய போன் ஒன்று வீட்டில் கிடக்கிறது, திரை விரிசல் விட்டது. அவசரத்துக்குக் கூப்பிடட்டும் என்று வைத்துவிட்டுப் போகிறோம். காலை பதினொரு மணிக்குள் அன்றைய டேட்டா தீர்ந்துவிடும். போனைக் கொடுக்காதே என்பது நல்ல புத்திமதிதான். ஆனால் தாழ்ப்பாள் போட்ட ஒற்றை அறையில், பகல் இரண்டு மணிக்கு, எட்டு வயசுப் பையன் வேறு என்ன செய்யலாம் என்று புத்திமதி சொல்கிறவர்களும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பள்ளி நாளில் என் பையனுக்குக் காலைச் சாப்பாடு பள்ளியில் உண்டு. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அடுத்த ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்தபோது, எங்கள் காம்பவுண்டில் காலை ஆறரை மணிப் பதற்றம் பாதியாகக் குறைந்தது. மத்தியானம் முட்டையோடு சத்துணவு. 1956இல் காமராஜர் தொடங்கியதும், 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். விரிவாக்கியதும், பின்னால் வந்தவர்கள் முட்டை சேர்த்ததும் எல்லாம் சேர்ந்து இன்றைக்கு என் மகன் தட்டில் இருக்கிறது. இதில் கட்சி பார்க்க எனக்கு நேரமில்லை. ஒரு நாளைக்கு இரண்டு வேளைச் சாப்பாட்டையும் வாரத்துக்கு ஐந்து முட்டையையும் அரசு பார்த்துக்கொள்கிறது. விடுமுறை விட்ட மறுநாள் அந்த இரண்டு வேளையும் வீட்டின் தலையில் வந்து விழுகிறது. காசு ஒரு பக்கம் இருக்கட்டும். ஆக்கி வைத்தது கெடுகிறதே, அதுதான் பெரிய பாடு. காலை ஏழு மணிக்கு ஆக்கிய சாம்பார் அந்த அறையின் சூட்டில் ஒரு மணிக்கெல்லாம் நுரைத்துவிடும். புளிக்குழம்பு தாங்கும். பழைய சோறும் மோரும் சின்ன வெங்காயமும் தாங்கும், உடம்புக்கும் நல்லது. ஆனால் மே கடைசியில் அந்தத் தூக்குப்பாத்திரத்தைத் திறக்கும்போதே பிள்ளைகள் முகம் சுளிக்கிறது. கடைக்கு ஓடி ஐந்து ரூபாய் பாக்கெட்டும் சேமியா ஐஸும் வாங்கித் தின்றுவிட்டு, சோறு அப்படியே இருக்கும்.

அடுப்பைத் தொடாதே என்று பெரியவளிடம் சொல்லித்தான் போகிறேன். தம்பிக்குப் பசி என்றால் அவள் அடுப்பைத் தொடத்தான் செய்வாள். முட்டை வேக வைப்பாள், நூடுல்ஸ் கிண்டுவாள், தண்ணீர் வந்தால் குடம் பிடிப்பாள், துணி எடுத்து மடிப்பாள். பக்கத்து வீட்டு அக்கா, "கண்ணு, இவனைக் கொஞ்ச நேரம் பாத்துக்கறியா, தைச்ச பீஸ் குடுத்துட்டு ஓடியாந்தர்றேன்" என்று ஒன்றரை வயசுக் கைக்குழந்தையை அவளிடம் விட்டுப் போவார். எங்கள் வரிசையில் பத்து வயசுக்கு மேல் பெண் பிள்ளை இருக்கிற வீடெல்லாம் இப்படித்தான். பள்ளி நாட்களில் அவள் படிக்கிற பிள்ளை. விடுமுறையில் அவள் வீட்டின் இரண்டாவது அம்மா. திறப்பு ஒரு வாரம் தள்ளிப் போகிறது என்றால் தம்பிக்கு இன்னும் ஒரு வாரம் லீவு, அக்காவுக்கு இன்னும் ஒரு வாரம் வேலை. "ஹை, லீவு!" என்று அவன் குதிக்கும்போது அவள் குதிக்கவில்லை என்பதைக் கவனித்திருக்கிறேன்.

பையன்கள் கதை வேறு. பன்னிரண்டு பதிமூன்று வயசுப் பையனை "சும்மாதானே சுத்துறான்" என்று தையல் மிஷின் பக்கத்தில் துணி மடித்துக் கொடுக்கிற கைமடி வேலைக்குக் கூட்டிப் போகிறார்கள். பெரிய கம்பெனிகளில் இது நடக்காது, ஆடிட் வருகிறவர்களைக் கண்டு பயம். நடப்பது வீட்டோடு மிஷின் போட்டிருக்கிற சின்ன இடங்களில். 14 வயதுக்குக் கீழே எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்று சட்டம் 2016இலேயே இறுக்கப்பட்டுவிட்டது, எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்த ஊரில் சனிக்கிழமை சம்பளம் என்று ஒன்று இருக்கிறது. பையன் கையில் முதல் சனிக்கிழமை நோட்டு வந்ததும் அவன் நடையே மாறிவிடும். அந்தச் சனிக்கிழமைகள் கூடக் கூட ஜூனில் பையை மாட்டிக்கொண்டு போகிற ஆசை குறைந்துகொண்டே போகும். திறப்பைத் தள்ளுகிற ஒவ்வொரு வாரமும் அப்படி ஒரு சனிக்கிழமைதான். 2023இல் நீங்கள் கடைசியில் பெரிய வகுப்புகளைத் திறந்த ஜூன் 12 குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு நாள். பிரார்த்தனைக் கூட்டத்தில் உறுதிமொழி எடுத்திருப்பார்கள். எடுக்க வேண்டியவர்களில் சிலர் அன்றைக்கு வரவில்லை.

வேலைக்கும் போகாத பையன்கள் தண்ணீர் தேடிப் போவார்கள். பி.ஏ.பி. என்கிற பரம்பிக்குளம் ஆழியாறு பாசன வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்தால் சைக்கிளில் மூன்று பேராகக் கிளம்பிவிடுவார்கள். கரை வழுக்கும், இழுப்பு அதிகம், ஏறப் பிடி கிடைக்காது. பாறைக்குழி இருக்கிறது, கைவிட்ட கிணறு இருக்கிறது. கோடை விடுமுறையில் காலைப் பேப்பரைப் பிரித்தால் மாநிலத்தில் எங்காவது ஒரு குளத்தில் இரண்டு பிள்ளைகள் என்று போட்டிருக்கும். கம்பெனியில் டேபிளில் உட்கார்ந்து அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, உடனே வீட்டுக்குப் போன் அடிக்காத அம்மா எங்கள் செக்ஷனில் கிடையாது.

கம்பெனியில் பிள்ளைக்கு இடம் இல்லையா என்று கேட்கலாம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே குழந்தைக் காப்பகம் இருந்தது, ஆனால் அது ஆறு வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைக்குத்தான். ஆறு வயதுக்கு மேல் பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கும் என்பது சட்டம் எழுதியவர்கள் கணக்கு. கணக்கு சரிதான், பள்ளி திறந்திருந்தால்.

இனி வெயிலையே எடுத்துக்கொள்வோம். மாநிலம் முழுக்க ஒரே தேதி, தள்ளினாலும் மாநிலம் முழுக்க ஒரே தள்ளல். வெயில் அப்படியா அடிக்கிறது? எங்கள் பக்கம் பங்குனியும் சித்திரையும்தான் கொல்லும். வைகாசி பாதி தாண்டினால் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று திரும்பிவிடும். பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகள் சுற்றுகிற சுற்றைப் பார்த்தாலே தெரியும். மே கடைசியில் எங்கள் ஊர்த் தெருவில் நிற்க முடியும், ஷீட்டுக்குக் கீழேதான் இருக்க முடியாது. சென்னைப் பக்கம் இதற்கு நேர் எதிர். அதே மேற்குக் காற்று மலையைத் தாண்டி, ஈரமெல்லாம் வற்றிச் சூடாகிக் கிழக்கே போகிறது. கடல் காற்றை உள்ளே வரவிடாமல் தடுக்கிறது. அதனால்தான் அங்கே மே கடைசி, ஜூன் முதல் வாரத்தில் வறுத்தெடுக்கிறது. சென்னையில் இதுவரை பதிவான உச்ச வெயில், 45 டிகிரி செல்சியஸ், 2003 மே 31 அன்று அடித்தது. பஞ்சாங்கக் கணக்கில் அக்னி நட்சத்திரம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. ஆகச் சென்னைக்கும் வேலூருக்கும் திருத்தணிக்கும் ஜூன் முதல் வாரம் தள்ள வேண்டிய வாரம்தான். கோவைக்கும் திருப்பூருக்கும் தேனிக்கும் அதே காரணத்தைச் சொன்னால் பொருந்துமா?

மழை பெய்தால் பள்ளிக்கு விடுமுறை விடுவது மாவட்ட ஆட்சியர். எங்கள் பிள்ளைகளுக்கு முதலமைச்சர் பெயர் தெரிகிறதோ இல்லையோ, ஐப்பசி கார்த்திகையில் கலெக்டர் யார் என்று தெரியும். அந்த அதிகாரத்தை வெயிலுக்கும் கொடுங்கள். திறப்புத் தேதியை ஏப்ரல் கடைசி வேலை நாளில் அறிவித்துவிடுங்கள், அதற்குப் பிறகு மாநிலம் முழுக்கத் தொடாதீர்கள். எந்த மாவட்டத்தில் அனலடிக்கிறதோ அந்த மாவட்டத்தில் ஆட்சியர் தள்ளட்டும். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் ஜூன் ஒன்று என்றால் ஜூன் ஒன்று. சனி ஞாயிறு குறுக்கிட்டால் திங்கள். பாலக்காட்டிலிருந்து வந்து எங்கள் கம்பெனியில் வேலை பார்க்கிற சேச்சி எந்த மாதத்திலும் பிள்ளைகளுக்கு டிக்கெட் போட்டுவிடுகிறார். அவரைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

தேதியைச் சரி செய்வது பாதி வேலை. மீதிப் பாதி அந்தப் பூட்டு.

வகுப்பு நடத்தச் சொல்லவில்லை. கோடையில் சிறப்பு வகுப்பு வேண்டாம் என்று நீங்களே வருடா வருடம் சுற்றறிக்கை விடுகிறீர்கள், அது சரியானது. ஆசிரியர்களை வரச் சொல்லவும் இல்லை. அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள், விடைத்தாள் திருத்தி முடித்து அவர்களும் மூச்சு விட வேண்டும். நான் கேட்பது மே நடுவிலிருந்து திறப்பு நாள் வரைக்கும், காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை, தாழ்வாரமும் இரண்டு வகுப்பறையும் குழாயும் கழிவறையும் மரத்தடியும் பிள்ளைகளுக்குத் திறந்திருக்க வேண்டும். நூலக அலமாரியின் சாவியும் கூட இருந்தால் மகிழ்ச்சி. வீட்டு வரி கட்டும்போதெல்லாம் நூலக வரி என்று ரூபாய்க்குப் பத்துக் காசு சேர்த்துக் கொடுக்கிற நகரம் இது. கிளை நூலகத்திலிருந்து ஒரு பெட்டிப் புத்தகத்தை மூன்று வாரத்துக்கு அனுப்பி வைப்பது பெரிய காரியமா? கேரம் போர்டு ஒன்று, கயிறு ஒன்று, பந்து ஒன்று. பாடத்திட்டம் எதுவும் போட்டுவிடாதீர்கள், தயவு செய்து. "கோடைக் கொண்டாட்டம்" என்று பெயர் வைத்து, பேனர் கட்டி, போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னால் அதோடு காரியம் கெட்டது.

யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் உங்கள் முதல் கேள்வியாக இருக்கும். கல்வி உரிமைச் சட்டம் 2009இன்படி ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நானும் ஒரு உறுப்பினர். மாதாமாதம் கூடுகிறோம், வடையும் டீயும் சாப்பிடுகிறோம், தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுகிறோம். எங்களிடம் சாவியைக் கொடுத்துப் பாருங்கள். காம்பவுண்டுக்கு ஒரு பெரியவர் நிச்சயம் வீட்டில் இருக்கிறார். கண் மங்கி மிஷினை விட்ட டைலர், நைட் ஷிப்டுக்குப் போகிறவர், கைக்குழந்தையோடு வேலையை விட்டவர் என்று ஆள் உண்டு. இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தபோது எங்கள் தெருவிலேயே டிகிரி முடித்த பெண்கள் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், மாதம் ஆயிரம் ரூபாய்க்கு. அவர்கள் எங்கும் போய்விடவில்லை. அதே தொகையை இந்த மூன்று வாரத்துக்குக் கொடுத்தால் வருவார்கள். சும்மா வாருங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். பெண்கள் செய்கிற வேலை என்றாலே சேவை என்று பெயர் வைத்துவிடுகிற பழக்கம் நமக்கு இருக்கிறது.

ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்பது இரண்டாவது கேள்வி. பிள்ளை ஏறி விழுந்துவிட்டால், கட்டடத்தில் கண்ணாடி உடைந்துவிட்டால் தலைமை ஆசிரியர்தானே பதில் சொல்ல வேண்டும் என்று அவர் தயங்குவது நியாயம். போன கோடையில் நான் கேட்டபோது ஒரு தலைமை ஆசிரியர் அதைத்தான் சொன்னார்: "மேலிருந்து ஆர்டர் இருந்தா நாளைக்கே தொறந்து விட்டுர்றேன்மா. இல்லாம தொறந்தா என் தலைதான் உருளும்." அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அந்த ஆர்டருக்காகத்தான் இந்த மடல். தேர்தலுக்கு வாக்குச்சாவடியாக, வெள்ளத்துக்கு முகாமாக, தேர்வாணையத்துக்குத் தேர்வுக்கூடமாக அதே கட்டடத்தை வேறு ஆட்கள் பொறுப்பில் கொடுக்கிறீர்கள். அந்த நாட்களுக்கெல்லாம் பொறுப்பை யார் ஏற்பது என்று ஒரு தாளில் எழுதத் தெரிகிறது. இதற்கும் எழுதலாம்.

சமூக நலத் துறைக்கு நான் சொல்ல வேண்டியது அடுப்பைப் பற்றி. விடுமுறையில் சத்துணவு போட முடியாது, விதியில் இடமில்லை என்று சொல்வார்கள் என்பதால் இதைப் படித்து வைத்துக்கொண்டேன். 2004 ஏப்ரல் 20 அன்று உச்ச நீதிமன்றம், உணவு உரிமை வழக்கில், வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2024 கோடையில் கர்நாடகம் வறட்சி வட்டங்களில் அப்படிக் கொடுத்தது. கொரோனாவில் பள்ளி மூடியிருந்தபோது நம் அரசே அரிசியும் பருப்பும் முட்டையுமாகப் பிள்ளைகள் வீட்டுக்குக் கொடுத்தது. பள்ளி நடக்காத நாளிலும் பிள்ளைக்குப் பசிக்கும் என்று மூன்று முறை ஒப்புக்கொண்டாயிற்று. திருப்பூர் வறட்சி மாவட்டமாக அறிவிக்கப்படவில்லை என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் நான் மேலே சொன்ன பேரிடர் அறிவிப்பு மாநிலம் முழுமைக்கும்தானே?

தினமும் மூன்று பொரியல் கேட்கவில்லை. மத்தியானம் ஒரு கலவை சாதம், ஒரு முட்டை, மோர். வர விரும்பும் பிள்ளைகளுக்கு மட்டும். எல்லாப் பள்ளியிலும் அடுப்பு மூட்ட வேண்டியதில்லை, இரண்டு மூன்று பள்ளிக்கு ஒரு பள்ளி போதும். சமையலரும் உதவியாளரும் அமைப்பாளரும் மே மாதத்தில் வேலை செய்தால் அதற்குத் தனியாகக் கூலி கொடுங்கள். எங்கள் பள்ளிச் சமையலரிடம் கேட்டேன். "சம்பளம் போட்டாங்கன்னா வந்து ஆக்கிப் போட்டுட்டுப் போறேனுங்க, வீட்டுல என்ற பேரப் பசங்களும் அதே சோத்தைத்தான உண்கப் போறாங்க" என்றார். அவர் வீடும் ஷீட் வீடுதான்.

பணம் எங்கே என்றால், வெப்பப் பேரிடருக்கு என்று ஒதுக்குகிற நிதியில் இது செலவே இல்லை. கட்டடம் இருக்கிறது, பாத்திரம் இருக்கிறது, ஆள் இருக்கிறார்கள், மரம் இருக்கிறது. வெயிலுக்குத் தண்ணீர்ப் பந்தல் திறந்து ரிப்பன் வெட்டுகிறவர்கள் எல்லாக் கட்சியிலும் உண்டு. எங்கள் தெருவில் மட்டும் நான்கு பந்தல், அதில் இரண்டு திறந்த மறுவாரமே பானை காலி. பள்ளிக்கூடத்துக் கேட்டைத் திறக்கவும் ரிப்பன் வெட்ட வேண்டுமென்றால் வெட்டிக்கொள்ளட்டும், எங்களுக்கு ஆட்சேபம் இல்லை.

எங்கள் மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இதையே தீர்மானமாக வைக்கிறேன். அதன் நகல் தலைமை ஆசிரியர் வழியாக மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கும், சத்துணவுப் பிரிவுக்கும், ஆட்சியரின் மக்கள் குறைதீர் நாளுக்கும் வரும். மற்ற பள்ளிகளின் குழுவில் இருக்கிற அம்மாக்களும் அப்பாக்களும் இதை எடுத்து உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றி வைத்துக்கொள்ளுங்கள், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். துறையிலிருந்து பதில் வருவதாக இருந்தால், மே 15க்குள் வர வேண்டும். அதற்குப் பிறகு வருகிற பதில் அடுத்த வருடத்துப் பிள்ளைகளுக்குத்தான் உதவும்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்,
இரண்டு பிள்ளைகளின் அம்மா,
திருப்பூர்.